பின்னங்காலை இழுத்து நடந்த நாயும் ஒரு மணல் ஈயும்

போன வருஷம் ஒரு ராத்திரி, பார்சிலோனாவுல வேலை பார்க்கிற என் காலேஜ் ஃப்ரெண்ட் ஒரு வீடியோ அனுப்பினான். தெற்கு ஸ்பெயின்ல ஒரு காப்பகத்துல இருந்து அவன் தத்தெடுத்த நாய், பின்னங்கால் ரெண்டையும் இழுத்துக்கிட்டு நடக்குது. எங்கேயோ விழுந்து அடிபட்டிருக்கும்னுதான் ரெண்டு பேரும் நினைச்சோம். ஆனா ரத்தப் பரிசோதனைக்கு அப்புறம் டாக்டர் சொன்ன பேர் லீஷ்மேனியாசிஸ். "ஈ கடிச்சா தோல்ல ஏதாவது வரும். கால் எப்படிடா போகும்?"னு கேட்டான். இன்னைக்கு எபிசோடு அந்தக் கேள்விதான்.

லீஷ்மேனியா ஒரு செல் ஒட்டுண்ணி. அதைச் சுமந்து வர்றது மணல் ஈ. ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் இருக்கும், கொசு மாதிரி ரீங்காரமும் கிடையாது. சாயங்காலத்துல இருந்து விடியற வரைக்கும் கடிக்கும். இதுல ஒரு மெட்ராஸ் கனெக்‌ஷன் இருக்கு. 1903-ல் இங்கிலாந்தில் லீஷ்மனும், நம்ம மெட்ராஸில் டாக்டராக இருந்த சார்லஸ் டோனவனும் தனித்தனியாக இந்த ஒட்டுண்ணியைப் பற்றி எழுதினார்கள். அதனால்தான் காலா அசார் கிருமிக்கு லீஷ்மேனியா டோனவனி என்று பேர். நாய்களைத் தாக்குகிற வகை இதற்குச் சொந்தக்கார வகை, இன்ஃபாண்டம். மத்தியதரைக் கடல் நாடுகளிலும் பிரேசிலிலும் அதிகம். நாயிடம் இந்தக் கிருமி இருப்பதை 1908-ல் துனிஸ் நகரத்தில் கண்டுபிடித்தவர் சார்ல் நிக்கோல்.

சரி, கால் எப்படிப் போகும்? ஒட்டுண்ணி நேராகப் போய் நரம்பைக் கடித்துத் தின்பது இல்லை. அது ஒளிந்திருப்பது, கிருமியை விழுங்க வேண்டிய வெள்ளை அணுக்களுக்குள்ளேயே. உடம்பு பதறிப்போய் ஆன்டிபாடியை உற்பத்தி பண்ணிக்கிட்டே இருக்கும். ஆனா செல்லுக்குள்ள இருக்கிற எதிரிக்கு ஆன்டிபாடி எட்டாது. ஆபீஸ்ல பார்த்திருப்பீங்க, பக் சின்னதா இருக்கும், அதுக்காக எழுதப்படுற லாக் ஃபைல் டிஸ்க் முழுக்க நிரம்பி சர்வரையே சாய்ச்சிடும். கிட்டத்தட்ட அதே கதை. ஆன்டிபாடியும் கிருமித் துணுக்குகளும் ஒட்டிக்கொண்டு, மெல்லிய ரத்தக் குழாய்களில் படிந்து வீக்கம் உண்டாக்கும். சிறுநீரகம், கண், மூட்டு எல்லாமே இதில் அடிபடும். மூளை உறையிலோ தண்டுவடத்திலோ அது நடந்தால் வலிப்பு, தலை ஒரு பக்கம் சாய்வது, பின்னங்கால் பலவீனம் எல்லாம் வரலாம். இன்னொரு வழியும் உண்டு. சிறுநீரகம் கெட்டு, ரத்த அழுத்தம் ஏறி, மூளையில் ரத்தக்கசிவு ஆகலாம்.

நரம்புப் பிரச்சினை இந்த நோயில் அபூர்வம். வழக்கமாக எடை குறையும், தோல் செதில் செதிலாக உரியும், நகம் அளவுக்கு மீறி வளரும், மூக்கில் ரத்தம் வரும். அதனால நொண்டுற நாயைப் பார்த்தா யாருக்கும் மணல் ஈ ஞாபகம் வராது.

இதுக்கு நேர் எதிரான தப்பும் நடக்கும். எனக்கு அதுதான் பெரிய பொறியாகத் தெரியுது. இந்த நோய் புழங்குற ஊர்ல நல்லா ஓடியாடுற நாய்ங்க பலதுக்கும் டெஸ்ட் பாசிட்டிவ்னு வரும். டெஸ்ட் பாசிட்டிவ், கால் இழுக்குது, அப்போ காரணம் இதுதான்னு முடிவு கட்ட முடியாது. முதுகெலும்பு டிஸ்க் நழுவினாலும் கால் இப்படித்தான் இழுக்கும். ஃப்ரெண்டோட டாக்டர் எம்ஆர்ஐ எடுத்து, தண்டுவட நீரையும் சோதிச்சாங்க. டிஸ்க் சரியா இருந்தது, நீரில் அழற்சி தெரிந்தது. செலவு அவனோட ஒரு மாச வாடகையைத் தாண்டிடுச்சு.

அப்போதான் அவன் மெதுவா, "ஊசி போட்டு அனுப்பிடலாமா?"னு கேட்டான். நான் டாக்டர் இல்லை. ஆனா படிச்ச வரைக்கும், நாய் பிழைக்குமான்னு சொல்றதுல காலைவிட சிறுநீரகத்துக்குத்தான் பெரிய பங்கு. சிறுநீரில் எவ்வளவு புரதம் போகுதுன்னு கேளுன்னு சொன்னேன். அவன் நாய்க்கு அது கையை மீறிப் போகலை.

சிகிச்சைக்கு மில்டெஃபோசின் 28 நாள், அல்லது ஆன்டிமோனி ஊசி. கூடவே அலோப்யூரினால், அதாவது மனுஷங்களுக்கு கவுட் வந்தால் கொடுக்கிற மாத்திரை, பல மாசத்துக்கு. அதனால் சிறுநீரில் கல் சேரலாம், அடிக்கடி பார்க்கணும். வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு உதவும், ஆனால் ஒட்டுண்ணியை அடக்கி வைத்திருக்கிற எதிர்ப்பு சக்தியையும் அது குறைக்கும். டாக்டர் அளந்துதான் கொடுக்கணும். ஒட்டுண்ணி முழுசா ஒழியறதும் அபூர்வம். தடுக்கிறதுக்கு டெல்டாமெத்ரின் காலர் இருக்கு. அங்கே இருக்கிறவங்க அதை வாங்குங்க, ராத்திரி நாயை வீட்டுக்குள்ள வெச்சுக்கோங்க.

சென்னையில கேட்கிறவங்களுக்கு ஒண்ணு. இந்தியாவில் காலா அசார் மனுஷங்ககிட்ட இருந்து மனுஷங்களுக்கு மணல் ஈ வழியாப் போறது, முக்கியக் காரணம் நாய் இல்லை. இங்கே நாய்க்கு வலிப்போ கால் பலவீனமோ வந்தா முதல்ல யோசிக்க வேண்டியது டிஸ்டெம்பர், உண்ணிக் காய்ச்சல், முக்கியமா ரேபிஸ். தடுப்பூசி போடாத நாய்னா வாய் பக்கம் கையைக் கொண்டு போகாதீங்க.

ஃப்ரெண்டோட நாய் இப்போ நடக்குது. படி ஏறும்போது மட்டும் இடது பின்னங்கால் தடுக்கும், நின்னு அவனைப் பார்க்கும். அவன் தூக்கிக்கிட்டுப் போவான்.