ஒரு குஞ்சுக்கு ஏன் ஏழெட்டுப் பேர் காவல்?

குன்றத்தூர் முருகன் கோயில் அடிவாரத்தில் காய்ந்த இலைகளைக் கிளறியபடி கலகலவெனக் கத்தும் தவிட்டுக்குருவிக் கூட்டத்தைக் கவனியுங்கள். மஞ்சள் அலகு, வெளிறிய தலை. ஏழெட்டு இருக்கும். ஒன்று மட்டும் இரை தேடாமல் கிளையில் உட்கார்ந்திருக்கும். அது காவல். வல்லூறு தெரிந்தால் குரல் கொடுக்கும்.

கூட்டில் நீலப்பச்சை முட்டைகளை இடுவது பெரும்பாலும் ஒரே ஜோடிதான். ஆனால் பொரிந்த குஞ்சுகளுக்குப் புழுவும் பூச்சியும் கொண்டுவந்து ஊட்டுவது மொத்தக் கூட்டமும்!

தன் குஞ்சு இல்லையே, பிறகு ஏன் இந்தப் பாடு? உதவுகிறவை பலவும் முந்தைய ஈட்டில் பிறந்த அண்ணன், அக்காக்கள். உடன்பிறப்புடன் ஒரு பறவை பகிரும் மரபணுக்கள் சராசரியாகப் பாதி; சொந்தக் குஞ்சுடனும் அதே பாதிதான். தம்பியை வளர்த்தாலும் தன் மரபணு பிழைக்கும் என்பதை 1964இல் உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் கணக்காகவே எழுதிக் காட்டினார். உறவு மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. தனியாகப் பிரிந்து போனால் இடமும் துணையும் கிடைப்பது அரிது. கூட்டத்தில் இருந்தால் உயிராவது மிஞ்சும்.

இந்த உழைப்பைச் சுடலைக்குயிலும் அக்காக்குயிலும் நன்றாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அந்த அந்நியக் குஞ்சு வாயைத் திறந்து கத்தினாலும், கூட்டமே ஓடிவந்து ஊட்டுகிறது.