பருவம் எல்லோருக்கும் வருகிறது

மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளைப் பற்றி, "அது பச்சைக் குழந்தை, அதற்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிவிடுவது நம் இல்லங்களில் வழக்கம். அன்பினால் சொல்லப்படும் சொல்தான். ஆயினும் அதில் ஒரு பிழை உண்டு. அறிவு வளர்ச்சிக்காக உடல் வளர்ச்சி காத்திருப்பதில்லை. அவர்களுள் பலர்மீது தொழுகையும் நோன்பும் கடமையாகாமல் இருக்கலாம். அதனால் மாதவிலக்கும் மீசையும் ஆசையும் வராமல் போவதில்லை.

பள்ளிப் பருவம் முடிந்ததும் இவர்கள் தொழிற்பயிற்சிக்கு அனுப்பப்படுகின்றனர். காகித உறை, மெழுகுவத்தி, தையல் எனப் பலவும் கற்கின்றனர். அயலாரான ஆண்களும் பெண்களும் நாள் முழுதும் உடனிருக்கும் இடம் அது. அங்கே பெரிதும் பாராட்டப்படும் குணம், சொன்ன பேச்சைக் கேட்பது. யார் சொன்னாலும் கேட்கும் பிள்ளையே தீயவனுக்கு எளிய இரை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அறுவையா, அறிவா?

1994 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் ஷிரூர் அரசு இல்லத்தில் வாழ்ந்த இத்தகைய பெண்கள் பலருக்குப் பூனா சசூன் மருத்துவமனையில் கருப்பை அகற்றப்பட்டது. மாதவிலக்கின்போது தூய்மை பேண அவர்களுக்குத் தெரியவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். பெண்கள் அமைப்புகள் கொதித்தெழவே, எஞ்சியோருக்கான அறுவை நிறுத்தப்பட்டது. கருப்பையை எடுத்தால் உதிரம் நிற்கும், கரு தங்காது. வன்கொடுமை நிற்குமா? அதன் தடயம் மட்டுமே மறையும்!

2009இல், சண்டிகர் அரசு இல்லத்தில் சீரழிக்கப்பட்டுக் கருவுற்ற ஒரு பெண்ணின் கருவைக் கலைக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அவளது சம்மதமின்றிக் கலைக்கலாகாது என்று உச்சநீதிமன்றம் தடுத்தது. ஊனமுற்றோருக்கு அவர்களது சம்மதமின்றி மலடாக்கும் சிகிச்சை எதுவும் செய்யலாகாது என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டம்.

எதைக் கற்பிப்பது?

பருவமெய்தும் பிள்ளைகளுக்கு ஹைளு, பெருந்தொடக்கு, கடமையான குளிப்பு ஆகியவற்றை மதரஸாக்களில் ஒளிவுமறைவின்றிப் பாடமாகவே நடத்துகிறோம். இப்பிள்ளைகளிடம் மட்டும் ஏன் மௌனம்? உறை மடிப்பதைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, நூறு முறை செய்துகாட்டிப் பழக்கும் ஆசிரியரால் நாப்கின் மாற்றுவதையும் அவ்வாறே பழக்க இயலும். உடலுறுப்புகளின் பெயர்கள், தனியறைக்கு மட்டும் உரியவை எவை, யார் தொடலாம், யார் தொடலாகாது, "மாட்டேன்" என்று உரக்கச் சொல்வது, நடந்ததைத் தாயிடம் வந்து கூறுவது: இவையே பாடங்கள். பலர் முன்னிலையில் தன் உறுப்பைத் தொடும் மகனை அடித்துப் பயனில்லை. தனிமை எது என்று காட்டித்தர வேண்டும். தந்தையர் வெளிநாட்டில் இருக்கும் கடையநல்லூர் போன்ற ஊர்களில், தாய் கூச்சப்படும் இப்பாடத்தை மாமனோ சிறிய தந்தையோ ஏற்பது நலம்.

"நிக்காஹ் செய்துவைத்தால் சரியாகிவிடும்" என்போர் உண்டு. திருமணம் மருந்தன்று. குறையை மறைத்து முடிக்கும் மணம் இரு குடும்பங்களையும் வாட்டும். மணவாழ்வைப் புரிந்து விரும்புவோர்க்கோ அது உரிமை.

தீங்கு நேர்ந்தால் மானத்திற்கு அஞ்சி மறைக்காதீர்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு 1098 உண்டு. வயது கடந்தோர் காவல் நிலையத்தை நாடலாம். பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தை அவரது வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, சிறப்பாசிரியரோ மொழிபெயர்ப்பாளரோ உடனிருக்கப் பெற வேண்டும் என்பது 2013 முதல் சட்டம்.

பெற்றோர்களே! பயிற்சிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது என்ன தொழில் கற்பிப்பீர்கள் என்று கேட்கிறீர்கள். தன் உடலைக் காத்துக்கொள்ளக் கற்பிப்பீர்களா என்றும் கேளுங்கள்.