ஆறு மாதச் சான்றும் ஆறு வயதுப் பிள்ளையும்

கோடம்பாக்கத்தில் மெட்ரோ வேலைக்குக் கம்பி கட்டுகிறவர்களிலும் கான்கிரீட் போடுகிறவர்களிலும் பீகார், ஒடிசா, வங்காளத்துக்காரர்கள் ஏராளம். உள் தெருக்களில் பல அடுக்குமாடிகளுக்கு வாட்ச்மேன் நேபாளி. கார் நிறுத்துமிடத்து மூலை அறையில் அவர் குடும்பம். இவர்கள் பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் என்ன வழி?

வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை ஊர் பார்த்து வைத்தியம் செய்வதில்லை. தடுப்பூசியும் அப்படித்தான். 2023 ஜூனில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டபோது, காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்று நேரம் வைத்தார்கள். அந்த மாலை நேரம் யோசித்து வைத்தது. காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர ஒரு நாள் கூலியை விட வேண்டியதில்லை.

சிக்கல் பெரிய வைத்தியத்தில்தான். இதய ஆபரேஷனுக்குத் தனியார் மருத்துவமனைக்குப் போனால் காப்பீட்டு அட்டை கேட்பார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. சேர்வதற்குக் குடும்ப அட்டையும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றும் வேண்டும். வெளிமாநிலத்தவருக்கு வருமான வரம்புகூடக் கிடையாது. ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருப்பதாக உரிய அதிகாரி சான்று தந்தால் போதும்.

விதி தாராளம்தான். சான்றுக்கு எங்கே போவது? சைட் மாறினால் மேஸ்திரியும் தங்குமிடமும் சேர்ந்து மாறுகின்றன. வாடகை ஒப்பந்தம் என்ற பேச்சே இல்லை. வாட்ச்மேனுக்கு ஒரு கடிதம் தர அசோசியேஷன் செயலாளர் மூன்று முறை யோசிப்பார். அதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுகிறது. காது கேளாத குழந்தைக்கு இத்திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்த ஆறு வயதுதான் எல்லை. அதிலும் எவ்வளவு முந்துகிறதோ, அவ்வளவு நன்றாகப் பேச்சு வரும்.

மாநிலம் தாண்டிச் செல்லுபடியாகும் ஆயுஷ்மான் பாரத் 2018-லேயே வந்ததே என்பார்கள். அதைவிட்டு மேற்கு வங்கம் 2019-ல் விலகியது. ஒடிசா 2025-ல்தான் சேர்ந்தது. நேபாளக் குடும்பம் அந்தக் கணக்கிலேயே வராது. கேரளம் 2017-ல் வெளிமாநிலத் தொழிலாளருக்கென்றே 'ஆவாஸ்' காப்பீட்டைக் கொண்டுவந்தது. நல்ல காரியம், ஆனால் 18 முதல் 60 வயது வரைதான். பிள்ளைகள் வெளியே.

கலிபோர்னியா 2016-ல் வேறு விதமாக யோசித்தது. 19 வயதுக்குட்பட்ட ஏழைப் பிள்ளை என்றால் குடியேற்றத் தாள் இல்லாவிட்டாலும் அரசுக் காப்பீடு. தாய்லாந்து, ஏழு வயதுக்குட்பட்ட அந்நியத் தொழிலாளர் குழந்தைக்கு ஆண்டுக்கு 365 பாட் என்று அட்டை போட்டது. நாளுக்கு ஒரு பாட்! நம் அரசே முகாம்வாழ் இலங்கைத் தமிழரை வருமான வரம்பு பார்க்காமல் சேர்த்துக்கொண்டதுதானே.

சான்று வேண்டுமென்றால் நர்ஸ் எழுதிக்கொடுத்த தடுப்பூசி அட்டை இருக்கிறது. ஆறாவது வாரத்து ஊசியும் ஒன்பதாம் மாதத்து ஊசியும் சென்னையில் போட்ட பிள்ளை இங்கே எத்தனை மாதம் இருந்திருக்கிறது என்பதை எந்தத் தாசில்தாரும் அதிலேயே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.