கார்த்திகைப்பூ: பூத்திருக்கும்போதே இடத்தைக் குறித்துக்கொள்க

குளிர்நாடுகளிலே இலையுதிர்காலத்து மலர்களின் ஆயுளுக்கு எல்லையிடுவது முதல் உறைபனியாகும். அது படிந்த இரவோடு மென்மையான செடிகள் கருகிவிடும். ஆதலின் அந்நாட்டார் அதற்கு முன்னுள்ள கிழமைகளிற் பூந்தோட்டங்களைக் கண்டு மகிழ்வர். இலங்கையில் நுவரெலியாவிற் சனவரி, பெப்புருவரி மாதங்களில் நிலத்தில் உறைபனி படிவதுண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது இல்லை. எனினும் இங்கும் குறித்த காலத்தில் வந்து குறித்த காலத்தில் மறையும் மலரொன்று உண்டு. அதுவே கார்த்திகைப்பூ.

மாரிமழை விழத்தொடங்கியதும், நிலத்தினுள் உறங்கிக்கிடந்த கிழங்கு முளைத்துக் கொடியாகும். இதன் இலைநுனி சுருண்டு பற்றுக்கம்பியாக மாறும். அதனாற் கொடி கிளுவை, பூவரசு முதலிய வேலிமரங்களைப் பற்றி ஏறும். பூவுக்கு ஆறு இதழ்கள் உள. அவை நெளிந்த விளிம்புடன் பின்னோக்கி வளைந்திருக்கும். முதலிற் பச்சையாய் இருந்து, மஞ்சளாகி, ஈற்றில் நெருப்புப்போற் சிவக்கும். காந்தள் எனப் பண்டைத் தமிழர் போற்றியது இதனையே. குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கிய மலர்களுள் முதலில் நிற்பதும் இதுவே. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

இத்துணை அழகிய கொடியின் ஒவ்வொரு பகுதியும் நஞ்சு என்பதைக் கமக்காரர் மறத்தலாகாது. கிழங்கிலும் விதையிலும் நஞ்சு மிகுதி. கொல்சிசின் எனப்படும் அந்நஞ்சு, வைத்தியரின் அளவில் மூட்டுவாத நோயொன்றுக்கு மருந்தாகின்றது. அளவு மிஞ்சின் உயிரைக் கொல்கின்றது. அவித்தாலும் அது கெடாது. இலங்கையில் இக்கிழங்கை வற்றாளங்கிழங்கென மயங்கி உண்டு இறந்தோரும் உளர்.

இம்மயக்கம் ஏன் ஏற்படுகின்றது? மழை ஓய்ந்து சில கிழமைகளிற் கொடி முற்றாகக் காய்ந்துவிடும். நிலத்தின்மேல் அடையாளம் எதுவும் எஞ்சாது. பின்னர் தோட்டங் கொத்தும்போது மண்வெட்டியில் அகப்படுவது கிழங்கு மட்டுமே. இலையும் பூவும் இல்லாதவிடத்து அதனை இனங்காண்பது எளிதன்று. ஆகவே, பூத்திருக்குங் காலமே இக்கொடி தன்னைத் தானே காட்டிக்கொடுக்குங் காலம். கண்டு மகிழ்வதற்கும் காவல் செய்வதற்கும் அதுவே தக்க தருணம்.

கமக்காரர் செய்யவேண்டியவை:

1. பூக்குங் காலத்தில் வேலியோரங்களையும் தோட்டத்து வரம்புகளையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தல் வேண்டும். கொடி நிற்குமிடந்தோறும் சுண்ணாம்பு பூசிய தடியொன்றை நாட்டுக.

2. வற்றாளை, இராசவள்ளி முதலிய கிழங்குப் பயிர்களின் பாத்திகளிலோ அவற்றின் அருகிலோ இக்கொடியை நிற்க விடலாகாது. கொடி காய்ந்ததும் தடியின் அடியைத் தோண்டிக் கிழங்கை முழுமையாக எடுத்தல் வேண்டும். முளையுள்ள துண்டு எஞ்சின் மீண்டும் முளைக்கும்.

3. கிழங்கை இனங்காணும் முறை: அது பெரும்பாலும் கலப்பைபோல் இருகவராக வளைந்து, இருமுனையும் கூர்த்திருக்கும். இதனாலேயே கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் வழங்குகின்றது. கவருடைந்த துண்டு வற்றாளைபோலவே தோன்றும். எனவே ஐயமுள்ள எக்கிழங்கையும் சமைத்தலாகாது.

4. அழகுக்காக வளர்க்க விரும்புவோர், எடுத்த கிழங்கை வீட்டு முன்வேலியின் ஒரு மூலையில், நீர் தேங்காத மண்ணில், 10 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் நடலாம். முளை ஒடியாமற் பார்த்தல் வேண்டும். வேலை முடிந்ததும் கைகளை நன்கு கழுவுக.

5. ஆடுமாடுகளுக்கு வேலியிற் குழை வெட்டும்போது இக்கொடி கலவாதபடி கவனிக்க.

6. முற்றிய காய் வெடித்ததும் செந்நிற விதைகள் தோன்றும். சிறுவர் அவற்றை விரும்பிப் பொறுக்குவராதலால், காயை முற்றுமுன் கொய்து புதைத்துவிடுக.

தவறி எவரேனும் உண்டுவிட்டால், சில மணி நேரத்தின்பின் வாந்தியும் கடும் வயிற்றோட்டமும் தொடங்கும். இவை சிறிது தணிந்தாலும் ஆபத்து நீங்கிற்றென எண்ணலாகாது. நஞ்சு பின்னரே உள்ளுறுப்புகளைத் தாக்கும். தப்பியவர்க்கும் தலைமயிர் உதிர்வதுண்டு. கைவைத்தியத்திற் காலங்கடத்தாது, நோய்க்குறிகள் தோன்றுமுன்னரே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. எஞ்சிய கிழங்கையும் உடன் கொண்டுசெல்லின் வைத்தியர் நஞ்சை விரைவில் அறிவர்.

வேலியில் எரியும் விளக்குப்போல் நிற்கும் இம்மலரை வெறுத்து அழிக்கவேண்டியதில்லை. மாரிக்காலத்தில் ஒருநாள் மாலை, பிள்ளைகளையும் அழைத்துச் சென்று அதன் அழகைக் காட்டுக. அதன் கிழங்கு நஞ்சென்பதையும் அவ்விடத்திலேயே சொல்லிவைக்க. பூ வாடுமுன் நாட்டிய தடியொன்று, கோடையில் ஒரு குடும்பத்தின் உயிரைக் காக்கக்கூடும்.