சிரிக்க வைக்கும் உளவாளி
ஒரு கலைவகையின் மரபுகளை அப்படியே கையாண்டு, அவற்றையே நகைப்புக்கு உரியனவாக்கும் படைப்பு பகடி எனப்படும். ஜேம்ஸ் பாண்ட் படங்களின் மிடுக்கான உளவாளியைப் பகடி செய்து, ரோவன் அட்கின்சன் நடிப்பில் 2003ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஜானி இங்கிலிஷ்’ என்னும் பிரிட்டிஷ் படத்தின் நாயகன், திருடர்கள் தப்பிச் செல்லும் சவ ஊர்தியைத் துரத்துவதாக எண்ணி வேறோர் ஊர்தியைப் பின்தொடர்ந்து, உண்மையான இறுதிச் சடங்கில் புகுந்து, துக்கத்தில் இருப்போரையே குற்றவாளிகள் எனச் சாடுகிறான். பாண்ட் படங்களுக்கு எழுதிய நீல் பர்விஸ், ராபர்ட் வேட் ஆகியோரும் இதன் திரைக்கதையில் பங்காற்றியதால், மூலப் படங்களின் நுட்பங்களை நன்கறிந்தவர்களே அவற்றைக் கேலி செய்யும் சுவை இதில் அமைந்துள்ளது. எத்தனை முறை தவறினாலும் அசையாத நாயகனின் தன்னம்பிக்கையே, இத்தகைய படங்களின் தீராத ஈர்ப்புக்குக் காரணமாகிறது.