தொட்டுப் பார்க்கச் சொன்னவர்கள்

சீயக்காய் அரைக்கிற அன்று மில்லுக்குள் நுழையும்போதே தும்மல் வரும். மற்றவர்கள் மாவை அரைத்து முடித்த பிறகு, கடைசியாகத்தான் மில்காரர் அதை வாங்கிப் போடுவார், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு. சீயக்காய், பூந்திக்கொட்டை, வெந்தயம், பச்சைப்பயறு, மாடியில் காயவைத்த எலுமிச்சைத் தோல். அளவு வீட்டுக்கு வீடு மாறும். வெள்ளிக்கிழமை அம்மா அதை வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்துவிடுவார். கண்ணில் பட்டால் உயிர் போகும். தலைக்கு வேறொன்று வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

தோன்ற வைத்தவர்கள் வெளிநாட்டார் அல்ல, எங்கள் கடலூர்க்காரர்கள். கூலிக்காரரும் வாங்கும்படி பொருளைச் சின்ன உறையில் அடைத்து விற்க வேண்டும் என்று நினைத்தவர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கினார். அப்பாவின் பெயரிலிருந்தே ஷாம்புக்கு 'சிக்' என்று பெயர் வைத்தார்.

ஷாம்பு என்றால் என்னவென்றே அறியாத ஊர்களுக்கு அவருடைய ஆட்கள் போனார்கள். ஒரு பையனை உட்காரவைத்து, எல்லார் கண் முன்னாலும் நுரை பொங்க அவன் தலையை அலசினார்கள். பிறகு கூட்டத்தைக் கூப்பிட்டு, முடியைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள். எந்தக் கம்பெனியின் காலி உறையானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். பழக்கம் பிடித்ததும், சிக் உறை மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். 1999இல் ஐம்பது காசுக்கு ஒரு உறை வந்தது. பெட்டிக்கடை வாசலில் வெற்றிலைக்கட்டுக்குப் பக்கத்தில் ஷாம்புச் சரம் தொங்கியது.

இதில் எனக்கு மரியாதை உண்டு. நாற்று நடுகிற பெண்ணையும் வாங்குகிறவளாக மதித்து அவள் முன்னால் வந்து நின்றார்கள். விற்கிறவன் முகம் தெரிந்தது. பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடலாம். ஆனால் அந்தக் காலி உறைகள் இன்னும் எங்கள் வாய்க்காலில் கிடக்கின்றன. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் அண்ணன் மகளிடம் இப்போது யாரும் வந்து நிற்பதில்லை. முடி கொட்டுகிறதே என்று ஓர் இரவு செல்போனில் தேடினாள். மறுநாளிலிருந்து எதைத் திறந்தாலும் வெங்காய எண்ணெய், ரோஸ்மேரி, சீரம். தோழிபோலப் பேசும் பெண்கள் தங்கள் கூந்தலைக் காட்டுகிறார்கள். காசு வாங்கிப் பேசினால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று ஒன்றிய நுகர்வோர் துறை 2023இல் விதிமுறை வெளியிட்டது. அந்தச் சின்ன எழுத்து அவள் கண்ணில் படுவதே இல்லை. ஊரார் கூடிப் பார்த்த காட்சி, போர்வைக்குள் அவள் ஒருத்தியின் கவலையைத் தெரிந்துகொண்டு வருகிறது. எனக்குப் பயமாக இருப்பது இதுதான். பக்கத்தில் இருந்து 'வேண்டாம்டி' என்று சொல்ல ஒருவரும் இல்லை.

போன மாதம் ஒரு புட்டி வரவழைத்தாள். மேலே சீயக்காய்ப் படம். அம்மா அவளை அருகே இழுத்துத் தலையை முகர்ந்தார்.

"சீயக்காய் வாசமே வரலியேம்மா."

எங்கள் ஊர் மில்லை மூடி ஆறு வருஷமாகிறது. அம்மா பண்ருட்டிக்குப் பஸ் ஏறிப்போய் அரைத்து வருகிறார், அவருக்கு மட்டும்.