எட்டு மட்டும் போட்டால் போதுமா?



சென்ற வார மலரில் ஒரு சகோதரி, ஸ்கூட்டர் லைசென்ஸ் வாங்கிய அனுபவத்தை எழுதியிருந்தார். 'எட்டு போடத்தான் ரொம்பப் பயந்தேன். எல்.எல்.ஆர். டெஸ்ட் ஒன்றுமே இல்லை. எந்தக் கேள்விக்கு எது பதில் என்று டிரைவிங் ஸ்கூல்காரரே சொல்லிக் கொடுத்துவிட்டார்' என்று சந்தோஷமாகக் குறிப்பிட்டிருந்தார். அவருக்கு என் வாழ்த்துகள். ஆனால் அந்த 'ஒன்றுமே இல்லை' என்ற வார்த்தைதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

எட்டு போடுவது கைக்கும் காலுக்கும் வைக்கிற பரீட்சை. எதிரே ஒரு வண்டியும் வராத காலி மைதானத்தில் நடப்பது. நிஜமான ரோட்டில் யார் முதலில் போகணும், யார் நிற்கணும் என்பதைச் சொல்லித் தருவது, எல்.எல்.ஆருக்குப் படிக்கிற பாடம்தான்.

எங்கள் தெருவில் ஒரு மருமகப் பெண். ஒரே தடவையில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவள். இரண்டு மாதம் கழித்து, முன்னால் போன லாரிக்கு இடது பக்கமாக ஸ்கூட்டரை நுழைத்திருக்கிறாள். லாரி இடது பக்கமே திரும்பிவிட்டது. உயிர் பிழைத்தது தெய்வச் செயல். கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கை. பார்க்கப் போனபோது, "இடது பக்கமா முந்தக் கூடாதுன்னு எனக்கு யாருமே சொல்லலியேக்கா" என்று அழுதாள். அந்தக் கேள்வி பழகுநர் உரிமப் பாடத்திலேயே இருக்கிறது! முன்னால் போகிற வண்டி, வலது பக்கம் திரும்பப் போவதாக சிக்னல் காட்டி நடுவில் ஒதுங்கினால் மட்டுமே நாம் இடது பக்கமாகக் கடக்கலாம். மற்ற நேரமெல்லாம் வலது பக்கம்தான். பதிலை மனப்பாடம் செய்தாள். பாடத்தை யாரும் சொல்லித் தரவில்லை.

இந்தத் தேர்வில் 60 சதவீதம் சரியாக எழுதினால் பாஸ். ஆனால் மீதி நாற்பதுக்கு ரோட்டில் ஆடித் தள்ளுபடி கிடையாது! பயப்படவும் வேண்டாம். தமிழிலேயே எழுதலாம். பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். வாங்கி 30 நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்டும் டெஸ்ட்டுக்குப் போக முடியும். அந்த ஒரு மாதம் போதாதா, நாலு விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள்ள?

சின்னங்களைப் பார்த்துப் பல பேர் மலைத்துப் போகிறார்கள். வடிவத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வட்டம் என்றால் உத்தரவு: சிவப்பு வளையம் 'கூடாது' என்கிறது, நீல வட்டம் 'இதைத்தான் செய்' என்கிறது. முக்கோணம் எச்சரிக்கை: வளைவு, பள்ளிக்கூடம், குறுகிய பாலம் வருகிறது, ஜாக்கிரதை! நீலச் செவ்வகம் தகவல்: ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க் இருக்கிறது. இரண்டே இரண்டுக்குத் தனி வடிவம். எட்டு மூலை என்றால் 'நில்'. தலைகீழ் முக்கோணம் என்றால் 'வழிவிடு'. எழுத்து அழிந்து போனாலும் வடிவம் பேசும்.

அடுத்தது முன்னுரிமை. சிக்னலும் போலீஸும் இல்லாத சாதாரண சந்திப்பில், நமக்கு வலது பக்கமிருந்து வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். ரவுண்டானாவிலும் அப்படியே. குறுகலான மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்கு, இறங்குகிற வண்டி ஒதுங்க வேண்டும். ஏற்றத்தில் நின்றுவிட்டுத் திரும்பக் கிளம்புவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்தால் காரணம் புரியும். காரணம் புரிந்தால் விதி மறக்காது.

கை சைகையும் கேட்பார்கள். வலது கையை நேராக நீட்டினால் வலது பக்கம் திரும்பப் போகிறோம் என்று அர்த்தம். உள்ளங்கையைக் கீழே பார்த்து மேலும் கீழும் அசைத்தால் வேகத்தைக் குறைக்கிறோம். நம் ஊர் ஆட்டோக்காரர் காலை நீட்டிக் காட்டுவது எந்தப் புத்தகத்திலும் கிடையாது!

வேகக் கணக்கையும் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு நொடிக்கு வண்டி 11 மீட்டர், அதாவது சுமார் 36 அடி ஓடிவிடும். கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒரு நொடி போய்விடுகிறது. நின்றிருக்கும் பஸ்ஸைக் கடக்கும்போது மெதுவாகப் போகச் சொல்வது ஏன் என்று இப்போது தெரிகிறதா? பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஒரு பிள்ளை ஓடி வரலாம்.

"எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாது, இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. நடைபாதை இல்லாத ரோட்டில் நடப்பவர்கள் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். நாமோ வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிள்ளையை ரோட்டுப் பக்கம் விட்டு நடக்கிறோம். பின்னால் உட்காருகிறவர் கைப்பிடி, கால் வைக்கும் இடம், புடவை சிக்காமல் பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு, மூன்றும் பைக்கில் இருக்க வேண்டும் என்று 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. அழகு கெடுகிறது என்று அந்தத் தடுப்பைக் கழற்றச் சொல்லும் மகனிடம், "நான் உட்காரணும்னா அது இருக்கணும்" என்று சொல்லுங்கள். பின்னால் உட்காரும் நமக்கும் ஹெல்மெட் கட்டாயம். நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றினால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும், ஒன்பது மாதம் முடிந்திருந்தால் ஹெல்மெட்டும் வேண்டும், 40-க்கு மேல் வேகம் கூடாது என்று 2023 பிப்ரவரி முதல் விதி.

கடைசியாக, வண்டிச் சாவி. "பக்கத்துக் கடைக்குத்தானேம்மா" என்று பத்தாம் வகுப்புப் பையன் கேட்டதும் கொடுத்துவிடுகிறோம். 16 வயதில் லைசென்ஸ் கிடைப்பது 50 சி.சி.க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். மற்றதற்கு 18. 2019-ல் திருத்திய சட்டப்படி, லைசென்ஸ் இல்லாத சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சட்டத்தை விடுங்கள், எதிரே நடந்து வருவதும் யாரோ ஒரு தாயின் பிள்ளைதானே?

இதற்கெல்லாம் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பத்து கேள்வி. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே தெரிகிற சின்னத்துக்கு அர்த்தம் என்ன என்று குழந்தைகளிடம் கேளுங்கள். பத்து நாளில் அவர்களே நமக்குப் பாடம் எடுப்பார்கள்!

லைசென்ஸ் அட்டை பர்ஸில் இருந்தால் போலீஸ்காரர் விட்டுவிடுவார். லாரி விடாது. எட்டும் போடுவோம், ஏட்டையும் படிப்போம். என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, கும்பகோணம்.